தீக்குச்சி செருகின பட்டன்

கிருஷ்ணகிரி
6-1-1992

அதியாவின் அத்தாவுக்கு வஜிஹா எழுதுவது. ஸலாம்.

தபால்காரர் வரும் நேரம் பார்த்து ஒரு வாரமாக வாசலில் நிற்கிறேன். இப்போதெல்லாம் அவர் என்னைக் கண்டதும் தூரத்திலேயே தலையை ஆட்டிவிட்டு சைக்கிளை மிதித்துப் போய்விடுகிறார். பதினைந்து வரி எழுத உங்களுக்கு என்ன நோவு? தகடு வெட்டுகிற பிரஸ் மெஷின் முன்னால் எட்டு மணி நேரம் நிற்கிறவருக்கு எனக்காக எட்டு நிமிஷம் உட்கார முடியாதா?

காவிரிக் கலவரம் அடங்கிவிட்டது என்று ரேடியோவில் சொல்கிறார்கள். எல்லையில், ஜூஜுவாடியில் பஸ்ஸை நிறுத்தி இறக்கி நடக்க விடுவது நின்றுவிட்டதா? பெங்களூரிலிருந்து ஓடிவந்த சனம் நம் மூக்கண்டப்பள்ளி முழுக்க இருக்கிறது, இப்போது வராதே என்று நீங்கள் சொன்னதை நம்பித்தான் இன்னும் அம்மா வீட்டில் இருக்கிறேன். பிரசவத்துக்கு வந்தவளை மூன்றாம் மாதம் கூட்டிப்போக வேண்டும். ஐந்தாம் மாதமும் ஆகிவிட்டது. தெருவில் ஆளுக்கொரு கதை கட்டுகிறார்கள்.

உங்கள் மகள் குப்புற விழுந்துவிட்டாள். விழுந்ததும் பெரிய காரியம் செய்துவிட்டவள் மாதிரி தலையைத் தூக்கி எல்லோரையும் பார்க்கிறாள். பிடிவாதம் உங்கள் அம்மாவுடையது, காது மட்டும் என்னுடையது.

இன்னொன்று. காலை வெயில் வாசலில் சாய்ந்து விழும்போது மடியில் வைத்திருந்தேன். இடது கண்ணில் கருவிழிக்கு நடுவே வெள்ளையாக ஒரு மினுக்கல். பூனைக்குக் கண் மின்னுமே, அப்படி. தலையைத் திருப்பினால் மறைந்துவிடுகிறது. அம்மா பார்த்துவிட்டு, "பூனைக்கண்ணுடி, அதிர்ஷ்டம். எங்க பெரியம்மாவுக்கு இருந்துச்சு" என்கிறார். உங்கள் வீட்டில் யாருக்காவது பூனைக்கண் உண்டா? உங்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால் ஒன்று கண்ணாடிக் கண், இன்னொன்று வெறும் கறுப்பு.

நான் வரும்போது கொண்டுபோக அம்மா இரண்டு பெட்டையும் ஒரு சேவலும் எடுத்து வைத்திருக்கிறார். வழக்கம்போல வேண்டாம் என்றேன். காரணம் சொல்லவில்லை. சின்ன வயதில் சேவல் கொத்திக் கண் போன மனிதர் வீட்டில் சேவலைக் கட்டிவைத்தால், அது கூவும்போதெல்லாம் உங்களுக்கு என்ன நினைப்பு வருமோ.

மாமிக்கு என் ஸலாம். கடிதம் போடுங்கள். இல்லாவிட்டால் தபால்காரரோடு போய்விடுவேன்.

வஜிஹா


மூக்கண்டப்பள்ளி
9-1-1992

வஜிஹா,

மூன்று இன்லேண்டை வீணாக்கிவிட்டு இதை எழுதுகிறேன். செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். மீதியைப் படிக்கக்கூட நிற்காதே. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கண் டாக்டரிடம் போ. "கண்ணுக்குள் வெள்ளையாக மின்னுகிறது. இவள் அத்தாவுக்கும் இப்படி மின்னித்தான் கண்ணை எடுத்தார்கள்" என்று சொல். வார்த்தை மாறாமல் இதையே சொல்.

போய் வந்துவிட்டாய் என்றால் மீதியைப் படி.

என்னைச் சேவல் கொத்தவில்லை. எனக்கு ஒன்றரை வயதில் பெங்களூர் ஆஸ்பத்திரியில் எடுத்த கண் அது. கண்ணுக்குள் வளர்ந்த கட்டி. புற்று. எனக்கு முன்னால் கௌஸ் மொய்தீன் என்று ஒரு அண்ணன் இருந்தான். அவனுக்கு இரண்டு கண்ணிலும் வந்தது. முதலில் மின்னினபோது என் அம்மாவும் பூனைக்கண் என்றுதான் சந்தோஷப்பட்டதாம். மூன்று வயதில் மௌத்தானான். அதனால்தான் எனக்கு மின்னினதும் அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். நான் பிழைத்ததற்கு அவன்தான் காரணம்.

இதெல்லாம் என் பத்தாவது வயதில் அத்தா சொன்னது. அவர் போன பிறகு வீட்டில் இந்தப் பேச்சே கிடையாது. ஊருக்கு அம்மா சொன்னது சேவல் கதை. உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று உன் அத்தா கேட்டபோதும் அம்மா அதையே சொன்னது. நான் பக்கத்தில் உட்கார்ந்து காரச்சேவு தின்றுகொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லக்கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தது. ஆனால் சத்தியம் ஒரு சாக்குதான். சொன்னால் நீ வேண்டாம் என்றுவிடுவாயோ என்ற பயம், அதுதான் நிஜம். உன்னை அதற்கு முன் ஒரு தடவை, உன் அண்ணனோடு உன் அத்தாவின் புளி மண்டி வாசலில் பார்த்திருந்தேன்.

இது வம்சத்தில் வரும் என்று எனக்குத் தெரியாது. அண்ணனுக்கும் எனக்கும் வந்ததைச் சேர்த்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். சேர்த்துப் பார்க்க நான் விரும்பவில்லை.

நீ என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். பிள்ளையை மட்டும் சீக்கிரம் கூட்டிப்போ.

குலாம் ரசூல்


கிருஷ்ணகிரி
16-1-1992

குலாம் ரசூல் அவர்களுக்கு,

டாக்டரிடம் காட்டினேன். நீங்கள் எழுதின வரியை அப்படியே சொன்னேன். அவர் கண்ணுக்குள் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, பெங்களூர் போங்கள், ஒரு வாரம்கூடத் தள்ள வேண்டாம் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். நான் அந்த வரியைச் சொல்லாமல் இருந்திருந்தால் சொட்டு மருந்து கொடுத்து அனுப்பியிருப்பாராம். அவர் வாயாலேயே சொன்னார்.

உங்கள் கடிதத்தை அத்தாவிடம் கொடுத்துவிட்டேன். ஒளிக்க எனக்குத் தெரியாது. கற்றுக்கொள்ளவும் மாட்டேன்.

மூன்று வருஷம். ஒரே பாயில் படுத்திருக்கிறோம். அந்தக் கண்ணைக் கழற்றிக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டுக் கழுவிக் கொடுத்திருக்கிறேன். உங்களுக்காக ஒரு சேவல் குரல் கேட்காத வீடாகப் பார்த்து, மூக்கண்டப்பள்ளியில் நான்கு தெரு அலைந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நீங்கள் என் பின்னால் குடையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் வந்தீர்கள்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நில்லுங்கள். உங்களுக்குக் கன்னடம் தெரியும், அதற்காக. வழியில் என்னிடம் பேச வேண்டாம்.

வஜிஹா


மூக்கண்டப்பள்ளி
4-2-1992

வஜிஹா,

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது மூக்கண்டப்பள்ளியில் வாடகைக் காரை நிறுத்தி என்னை இறக்கிவிட்டீர்களே, அப்போது உன் அத்தா சொன்னது உனக்குக் கேட்டிருக்காது. பிள்ளை உன் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. "மேல நல்ல புளியப் பரப்பிட்டு அடியில ஈரப்புளி வச்சுக் கட்டிட்டீங்களேப்பா" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். கிருஷ்ணகிரிப் பக்கம் இப்போதைக்கு வராதே என்றும் சொன்னார். அதனால்தான் கடிதம்.

இடது கண்ணை எடுத்த இடத்தில் கட்டு எப்படி இருக்கிறது? பாலைக் கக்குகிறாளா? வலது கண்ணில் இருந்த இரண்டு புள்ளியையும் குளிர் வைத்து உறையவைத்திருப்பதாகச் சொன்னார்களே, அந்தக் கண்ணால் உன்னைப் பார்க்கிறாளா? விரலை ஆட்டினால் திரும்புகிறாளா? ஒரு வரி எழுது, போதும்.

பெங்களூர் டாக்டரம்மா அன்றைக்கு அவ்வளவு நேரம் சொன்னாரே. கன்னடம் எனக்குப் புரிந்தது, விஷயம்தான் புரியவில்லை. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன். போன வியாழக்கிழமை, பிரஸ் முன்னால் நிற்கும்போது புரிந்தது. உனக்கு எழுதி வைக்கிறேன், தப்பாக இருந்தால் அடுத்த முறை அவரிடம் கேள்.

என் மெஷினில் இரண்டு பட்டன் உண்டு. இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலிருந்து ராம் என்கிற கனத்த இரும்பு இறங்கித் தகட்டை வெட்டும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் டை என்கிற அடி அச்சுக்குள் மாட்டாது, அதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். ஆனால் அப்படி ஓட்டினால் எண்ணிக்கை வராது. அதனால் எல்லோரும் ஒரு பட்டனை அழுத்தி, சந்தில் தீக்குச்சியைச் செருகிவிடுவோம். அது அமுங்கியபடியே நின்றுவிடும். ஒரு கை தகட்டைத் தள்ளும், ஒரு கை மீதிப் பட்டனைத் தட்டும். தீக்குச்சி செருகினதால் மட்டும் யாருக்கும் அடிபடாது. வருஷக்கணக்கில்கூட ஒன்றும் ஆகாது. ஆனால் அதற்கப்புறம் காவல் ஒன்றுதான். போன ஆடியில் பக்கத்து மெஷின் முனிவேல் குனிந்தபோது முழங்கை மீதிப் பட்டனில் பட்டது. இரண்டு விரல் போனது. அவன் தீக்குச்சி செருகி மூன்று வருஷம் ஆகியிருந்தது.

டாக்டரம்மா சொன்னதும் இதுதான் என்று நினைக்கிறேன். உடம்பில் ஒவ்வொரு செல்லுக்கும் வளரச் சொல்கிற ஜீனும் இருக்கிறது, போதும் நில் என்று சொல்கிற ஜீனும் இருக்கிறது. கண்ணுக்குக் காவலான அந்த நிற்கச் சொல்கிற ஜீன் ஜோடியாக வரும், அம்மா வழியில் ஒன்று, அத்தா வழியில் ஒன்று. ஒன்று கெட்டாலும் மற்றது தாங்கும். இரண்டும் கெட்டால் அந்தச் செல் நிற்காது, பெருகிக்கொண்டே போய்க் கட்டியாகும். மற்றவர்களுக்கு இரண்டு காவலும் ஒரே செல்லில் கெட வேண்டும், அது லேசில் நடக்காது. நான் எல்லாச் செல்லிலும் ஒரு பட்டனில் தீக்குச்சி செருகியபடியே பிறந்தவன். சின்னப் பிள்ளையின் கண்ணுக்குள் லட்சக்கணக்கான செல் வளர்ந்துகொண்டிருக்கும்போது எங்காவது ஒன்றில் முழங்கை பட்டால் போதும். எனக்கு ஒரு கண்ணில் பட்டது. கௌஸுக்கு இரண்டிலும் பட்டது.

அந்தத் தீக்குச்சியைத்தான் அதியாவுக்குக் கொடுத்திருக்கிறேன். வேறென்ன கொடுத்தேன் அவளுக்கு? ஒரு கொலுசுகூட இன்னும் வாங்கவில்லை.

அன்றைக்கே என் மெஷினில் இருந்த தீக்குச்சியைப் பிடுங்கி எறிந்தேன். எண்ணிக்கை பாதியாக விழுந்தது. சூப்பர்வைசர் நாராயணப்பன் வந்து, "ஏன்ய்யா, கைக்கு என்னா நோவு?" என்று கத்தினார். கண்ணுக்குத்தான் நோவு என்றேன். மனுஷன் ஒன்றும் புரியாமல் போய்விட்டார்.

கடைசியாக ஒன்று. உன் அத்தா பிரித்துவிட வேண்டும் என்று நினைத்தால், மறைத்துக் கட்டின நிக்காஹ் என்று ஜமாஅத்தில் சொன்னால், நான் எதிர்த்துப் பேச மாட்டேன். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். உனக்கு வயது இருபத்துமூன்றுதான்.

குலாம் ரசூல்


கிருஷ்ணகிரி
12-2-1992

அதியாவின் அத்தாவுக்கு,

கையெழுத்துப் போடுகிறேன் என்று எழுதின பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். அதன் மறுபக்கத்தில் பிரஸ் கதை பாதி இருந்தது, அதுவும் சேர்ந்து எரிந்துவிட்டது. நல்லவேளை, ஏற்கெனவே நான்கு தடவை படித்திருந்தேன்.

யார் உங்களிடம் கையெழுத்துக் கேட்டது? நான் கேட்டேனா? அத்தா கேட்டாரா? அவர் புளியைப் பற்றிப் பேசினார், அவருக்குத் தெரிந்த ஒரே பாஷை அது. வீட்டுக்கு வந்து, அடிப்புளி எப்படிப்பட்டதாக இருந்தாலும் சரக்கைத் திருப்பி அனுப்புகிற வயசெல்லாம் உனக்குத் தாண்டிவிட்டது என்று என்னிடம்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

நீங்கள் சொன்னது சரியா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். கட்டு மாற்ற வெள்ளிக்கிழமை போயிருந்தோம். அவருக்குத் தமிழும் கொஞ்சம் வருகிறது, நீங்கள் கன்னடம் பேசினதால் அவரும் கன்னடத்திலேயே போய்விட்டார். தீக்குச்சிக் கதையைச் சொன்னேன். இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, மற்ற தாய்மாருக்கும் இனிமேல் இப்படியே சொல்கிறேன், சொன்னவர் யார் என்றார். என் வீட்டுக்காரர் என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. கோபத்துக்கு நடுவில் அது எப்படி வந்ததோ தெரியவில்லை.

ஒரு இடத்தில் நீங்கள் தப்பு. உங்களிடம் இருப்பது இரண்டு. ஒன்று கெட்டது, ஒன்று நல்லது. பிள்ளைக்கு எது போகும் என்பது காசு சுண்டுகிற மாதிரியாம், பூவா தலையா. நல்லதே போயிருக்கவும் சரிபாதி வழி இருந்தது. நீங்கள் பார்த்து எடுத்துக் கொடுத்தீர்களா? உங்களுக்குக் கொடுத்தவரும் பார்த்துக் கொடுத்தாரா? பிறகு எதற்கு நான் கொடுத்தேன், நான் கொடுத்தேன் என்று எழுதுகிறீர்கள்? கொலுசு வாங்காததற்கு வேண்டுமானால் வெட்கப்படுங்கள்.

எனக்குக் கோபம் உங்கள் கண்ணின் மேல் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் அன்றைக்கே சரி என்றிருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. ஆனால் பிள்ளை பிறந்த அன்றைக்குச் சொல்லியிருந்தால், முதல் மாதமே காட்டியிருப்போம். அப்போது பார்த்திருந்தால் இடது கண்ணையும் குளிர் வைத்தே காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டரம்மா. இதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. விழுங்க எத்தனை நாள் ஆகும் என்றும் தெரியவில்லை. அதுவரை உங்களிடம் கோபித்துக்கொள்ள நீங்கள் பக்கத்தில் வேண்டும், அதனால் கையெழுத்தெல்லாம் கிடையாது.

வலது கண்ணால் பார்க்கிறாள். விரலை ஆட்டினால் திரும்புகிறாள். சிவப்பு வளையல் என்றால் எட்டிப் பிடிக்கிறாள். இருபத்தொன்றாம் தேதி மறுபடி மயக்கம் கொடுத்துப் பார்ப்பார்கள். புள்ளி தழும்பாகியிருந்தால் நல்லது. பெரிதாகியிருந்தால் அந்தக் கண்ணுக்கும் ஆபத்து. ஐந்து வயது வரை விடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அதற்கப்புறம் கண்ணுக்குள் அந்தச் செல்கள் வளர்வதை விட்டுவிடுமாம்.

இப்போது எனக்கு ஒரு உதவி. கட்டை எடுத்துவிட்டார்கள். கண் எடுத்த இடத்தைத் தினமும் துடைக்க வேண்டும். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. அம்மாதான் துடைக்கிறார், அவருக்கும் முறை தெரியவில்லை. எப்படிச் செய்வது என்று எழுதுங்கள். வீட்டில் அது தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான்.

டாக்டரம்மாவுக்கு உங்கள் அண்ணன் கதை முழுவதும் வேண்டுமாம். எந்த வயதில் மின்னியது, உங்கள் அத்தா அம்மா இரண்டு பேரில் யார் வழியில் இன்னும் யாருக்காவது வந்ததா என்று. மாமியிடம் கேட்டு எழுதுங்கள்.

வஜிஹா


மூக்கண்டப்பள்ளி
19-2-1992

வஜிஹா,

முதலில் கண். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவை. புதுப் பஞ்சு. உன் கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவு. அவளைப் படுக்கவைக்காதே, பயந்துவிடுவாள். மடியில் சாய்த்து, அவள் பார்க்க ஏதாவது கையில் கொடு, சிவப்பு வளையல் கொடு. இமையை மூடினபடியே காதுப் பக்கத்திலிருந்து மூக்குப் பக்கமாகத் துடை, அழுத்தாதே. ஊறினால் தானாக வந்துவிடும். உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும், வாய்க்குள் கன்னம் இருக்கிற மாதிரி. அவ்வளவுதான். அது புண் இல்லை, வலிக்காது. மஞ்சளாகவோ நாற்றமாகவோ வந்தால் மட்டும் உடனே ஆஸ்பத்திரி. டாக்டர் கொடுத்த களிம்பைக் கடைசியில் போடு. துடைக்கும்போது ஏதாவது பேசிக்கொண்டே இரு. என் அத்தா எனக்குத் துடைக்கும்போது லாரி நம்பரெல்லாம் சொல்லிக்கொண்டே துடைப்பார்.

முதல் தடவை மட்டும்தான் கஷ்டம். இரண்டாவது தடவை அது உன் பிள்ளையின் முகம், வேறொன்றும் இல்லை.

முதல் மாதமே காட்டியிருக்கலாம் என்று எழுதினாயே. அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அம்மா விஷயம் என்னவென்று தெரியவில்லை. கௌஸுக்கு எந்த வயதில் மின்னியது என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். "அதெல்லாம் என்னாத்துக்கு இப்ப" என்றது. டாக்டர் கேட்கிறார், வம்சத்தில் வருகிற ஜீனாம் என்றேன். கையிலிருந்த ராகி முறத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டது. இரண்டு நாள் சாப்பிடவில்லை. நேற்று நான் ஷிப்ட் முடிந்து வந்தபோது வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு மாதம்மாளிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, கிருஷ்ணகிரி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு போனதாம். சூளகிரியைத் தாண்டித் தனியாகப் போகாத மனுஷி.

அங்கே வந்துவிட்டதா? சண்டை போட வந்திருந்தால் நீ பேசாமல் இரு, என்னிடம் அனுப்பிவிடு.

குலாம் ரசூல்


கிருஷ்ணகிரி
24-2-1992

அதியாவின் அத்தாவுக்கு,

முதலில் நல்ல சேதி, மாமி வந்து சொல்லியிருப்பார்கள். இரண்டு புள்ளியும் தழும்பாகிவிட்டது. புதிதாக எதுவும் இல்லை. இன்னும் ஐந்து வருஷம் பயந்துகொண்டே இருக்க வேண்டும், ஆனால் இந்த மாதம் பயப்பட வேண்டாம். கண்ணை நானே துடைக்கிறேன். எனக்கு லாரி நம்பர் தெரியாததால் ஓசூர் போகிற பஸ்ஸெல்லாம் எங்கெங்கே நிற்கும் என்று சொல்கிறேன். காவேரிப்பட்டணத்தையும் அந்த வழியில் சேர்த்துவிட்டேன், அவளுக்குத் தெரியவா போகிறது.

மாமி வந்தார்கள். செவ்வாய்க்கிழமை மத்தியானம், வெயிலில் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து. அத்தா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஸலாம் சொல்லிவிட்டு உட்காரக்கூட இல்லை. "பொய் சொன்னது நானு. அவன் வாயத் தொறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்குனதும் நானு. அவன ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார்கள். அத்தா சாப்பாட்டிலிருந்து எழுந்து கை கழுவிவிட்டு, "முதல்ல உக்காருங்க, சாப்பிடுங்க" என்றார். மண்டிக்குப் போகும்போது, மருமகன் எப்போது வருகிறார் என்று அம்மாவிடம் கேட்டுவிட்டுப் போனார்.

சாயந்திரம் நான் கண்ணைத் துடைத்தேன். மாமி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அப்புறம் என்னிடம் ஒன்று சொன்னார்கள். உங்களுக்குச் சொல்லக்கூடாது என்று கையைப் பிடித்துக் கேட்டார்கள். நான் சத்தியம் செய்யவில்லை. இந்தக் குடும்பத்தில் சத்தியம் வாங்கினதெல்லாம் போதும். அவரிடம் சொல்லத்தான் செய்வேன் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன். அதற்கப்புறமும் சொன்னார்கள். யாராவது உங்களிடம் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்கே இருந்திருக்கிறது.

கௌஸ் மௌத்தானபோது நீங்கள் மூன்று மாதம் வயிற்றில். இந்தப் பிள்ளைக்கும் அதே கதி வந்தால் தாங்க மாட்டேன் என்று, சானமாவுக் காட்டுப் பக்கம் வேர் பிடுங்கி விற்கிற மாரம்மாவிடம் போய், கலைக்கிறதற்குக் கஷாயம் வாங்கிக் குடித்தார்களாம். உங்கள் அத்தாவுக்குத் தெரியாது. கலையவில்லை. நீங்கள் பிறந்தீர்கள். ஒன்றரை வயதில் கண் மின்னியது. அன்றையிலிருந்து இன்றுவரை, அந்தக் கஷாயம்தான் உங்கள் கண்ணைத் தின்றது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். "புத்துன்னு சொன்னா ஏன் வந்துச்சுன்னு கேப்பாங்க. சேவல் கொத்துனா ஏன் கொத்துச்சுன்னு யாராச்சும் கேப்பாங்களா?" என்றார்கள்.

இருபத்தேழு வருஷம். நான் இவர்களைப் பிடிவாதக்காரி என்று உங்களிடம் எத்தனை தடவை குறை சொல்லியிருக்கிறேன்.

எனக்கு அப்போது டாக்டரம்மா மாதிரி பேச வரவில்லை. ஒன்று மட்டும் கேட்டேன். "மாமி, கௌஸ் வயித்துல இருக்கறப்ப என்னா கஷாயம் குடிச்சீங்க?"

"ஒண்ணும் குடிக்கலியே. அது தலைச்சன். பாலும் பேரீச்சம்பழமுமாத் தின்னேன்."

"அப்ப அவனுக்கு ஏன் வந்துச்சு?"

அப்புறம் மெதுவாகச் சொன்னேன். இது கரு உண்டான அன்றைக்கே தீர்ந்துபோன விஷயம், நீங்கள் கஷாயம் குடிக்கப் போனதற்கு மூன்று மாதம் முன்னாலேயே அவருக்குள் அந்த ஜீன் அப்படித்தான் இருந்தது, அதற்கப்புறம் நீங்கள் தின்றதும் குடித்ததும் அதை ஒன்றும் செய்திருக்காது என்று. மாமி என்னையே பார்த்தார்கள். "அப்ப நான் பண்ணலியா?" என்றார்கள். இல்லை என்றேன். "டாக்டரு சொன்னாங்களா, நீயாச் சொல்றியா?" டாக்டர் சொன்னதுதான் என்றேன். நம்பவில்லை. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு அவர்களையும் கூட்டிப்போனேன். டாக்டரம்மாவிடம் ஓசூர்ப் பக்கத்துத் தெலுங்கில் கேட்டார்கள், என்ன கேட்டார்கள் என்று எனக்குப் புரியவில்லை. டாக்டரம்மா எழுந்து வந்து அவர்கள் தோளில் கை வைத்துப் பதில் சொன்னார். திரும்பும்போது பஸ்ஸில் பெங்களூரிலிருந்து ஜூஜுவாடி வரைக்கும் அழுதார்கள். முக்காட்டை முகத்தில் போட்டுக்கொண்டு, சத்தமில்லாமல். மூக்கண்டப்பள்ளி வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினார்கள். நீங்கள் பார்த்தபோது ஒன்றும் தெரிந்திருக்காது.

அவர்களை ஒன்றும் சொல்லிவிடாதீர்கள். உங்களை வேண்டாம் என்று நினைத்தார்களே என்று மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். நானும் ஆஸ்பத்திரியில் முதல் நாள், இவள் பிறக்காமலே இருந்திருந்தால் இவளுக்கு இந்த வலி இல்லையே என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

நோன்புக்கு முன்னால் வந்துவிடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போங்கள். அத்தா உங்களோடு பேசுவார், முதலில் புளி விலையைப் பற்றிப் பேசுவார், பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த பிள்ளையைப் பற்றி நீங்கள் தனியாக உட்கார்ந்து ஒரு முடிவும் எடுக்க வேண்டாம். எடுத்தால் இரண்டு பேருமாக எடுப்போம். கோபம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அதையும் கட்டி எடுத்துக்கொண்டுதான் வருவேன்.

வஜிஹா


மூக்கண்டப்பள்ளி
27-2-1992

வஜிஹா,

உன் கடிதம் நேற்று ஷிப்டுக்குக் கிளம்பும்போது வந்தது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய், டீ நேரத்தில் படித்தேன். முனிவேல், "ஊட்ல எல்லாம் நல்லாருக்காங்களா?" என்று கேட்டான். நல்லா இருக்காங்க என்றேன். பிள்ளை கண்ணில் இருந்த புள்ளி தழும்பான விஷயத்தை மட்டும் சொன்னேன். தன் மெஷினில் மறுபடி செருகியிருந்த தீக்குச்சியை அவன் அப்போதுதான் பிடுங்கினான். நாராயணப்பன் இப்போது இரண்டு பேரையும் திட்டுகிறார்.

அம்மாவை ஒன்றும் சொல்லாதே என்று எழுதினாய். என்ன சொல்வது என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டே வந்தேன். கோபம் இல்லை. நிஜமாகவே தேடிப் பார்த்தேன், இல்லை. எனக்குக் கஷ்டமாக இருந்ததெல்லாம் வேறு. சின்ன வயதில் கண்ணாடிக் கண்ணை மாட்டிவிடும்போதெல்லாம் அம்மா என் முகத்தைப் பார்க்காது. நான் அசிங்கமாக இருக்கிறேன் போல, அதனால்தான் பார்க்கவில்லை என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்தேன். அம்மா களி கிண்டிக்கொண்டிருந்தது. கடிதம் வந்தது தெரிந்திருக்க வேண்டும், திரும்பிப் பார்க்கவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏம்மா, அந்தக் கஷாயம் ரொம்பக் கசப்பா?" என்று கேட்டேன்.

துடுப்பு நின்றுவிட்டது. அதைப் பானையிலேயே விட்டுவிட்டு அம்மா திரும்பி என் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னது.

"கசப்புதான்டா. முழுசாக் குடிக்கல. பாதியக் கீழ ஊத்திட்டேன். உன்ன உட மனசு வரல."

களி அடிப்பிடித்துவிட்டது. இரண்டு பேரும் அதையே சாப்பிட்டோம். ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸுக்கு அம்மாவும் என்னோடு வருகிறது.

குலாம் ரசூல்